நாயுடன் ஒரு நாள் மலையேற்றம்: ஆயத்தம் முதல் வீடு திரும்பும் வரை

நாயோடு மலையேறுபவர்கள் பலரும் செய்யும் தவறு, அது துள்ளிக்கொண்டு முன்னால் ஓடுவதைப் பார்த்து, அதற்குத் தெம்பு இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நம்பிவிடுவதுதான். தன்னை வளர்ப்பவர் நடக்கும்வரை நாயும் நடக்கும்; பாதம் தேய்ந்தாலும் மூட்டு வலித்தாலும் அது பின்வாங்குவது அரிது; அது தானாகப் படுத்துவிடும் நேரத்தில் நிலைமை பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும். 2020 ஜூலையில் இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையான ஸ்காஃபெல் பைக்கிலிருந்து (978 மீட்டர்) இறங்கிக்கொண்டிருந்த 55 கிலோ எடையுள்ள செயின்ட் பெர்னார்ட் நாய் ஒன்று, பின்னங்கால் வலியால் நடுவழியில் படுத்துவிட்டது. மலைமீட்புக் குழுவின் 16 தன்னார்வலர்கள் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பாடுபட்டு அதைத் தூக்குப்படுக்கையில் வைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். பனிமலையில் சிக்கியவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காகப் பெயர்பெற்ற இனத்துக்கே இந்த நிலை என்றால், வீட்டுத் திண்ணையில் படுத்துப் பழகிய நாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேலே போவதா, இங்கேயே திரும்புவதா என்பதை நாய்க்காக நாம் எப்போது, எதைப் பார்த்து முடிவுசெய்வது என்ற ஒரே கேள்விக்கு விடை தேடும் வழியில்தான் கீழே உள்ள படிகள் அனைத்தும் அமைந்துள்ளன.

முதற்படி: இந்த நாயை அழைத்துச் செல்லலாமா?

வயதிலிருந்து தொடங்க வேண்டும். குட்டியின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் முழுமையாக இறுகும் முன் நீண்ட ஏற்ற இறக்கங்களில் நடக்கவைத்தால் மூட்டுகள் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். நடுத்தர இனங்களுக்கு இது சுமார் 12 மாதம் முதல் 18 மாதத்திலும், மிகப் பெரிய இனங்களுக்கு அதற்கும் பிந்தியும் நிறைவடைகிறது. அதுவரை குட்டியைச் சிறு குன்றுகளில் அரைமணி நேரம் உலவவிடுவதே போதுமானது. வயதான நாய்களுக்கும், இடுப்பு மூட்டுக் கோளாறு, இதயநோய், மிகுதியான உடற்பருமன் ஆகியவை உள்ள நாய்களுக்கும் கால்நடை மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் மலை வேண்டாம்.

பக், புல்டாக், பாக்ஸர், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களின் நிலை வேறு. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களில் மட்டுமே இருப்பதால், அது தன் உடலைக் குளிரவைப்பது நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதன் மூலம்தான்; நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது வெப்பம் வெளியேறுகிறது. மூச்சுப்பாதை குறுகிய இனங்களுக்கு இந்த வழியே பாதி அடைபட்டிருக்கிறது. அவற்றைக் குளிர்ந்த காலை வேளையில் சமதளத்தில் நடத்திச் செல்லலாமே தவிர, நாள் முழுவதும் நீளும் ஏற்றத்துக்கு அழைத்துச் செல்வதை நான் எந்தச் சூழலிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ என்னும் வைரஸ் நோய்கள், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் தேங்கிய நீரின் வழியே பரவும் என்பதால் மலைநடைக்கு இது இன்னும் முக்கியம். தடுப்பூசி நம் நாயின் நலனுக்காக மட்டும் போடப்படுவதன்று. 1994-இல் தான்சானியாவின் செரங்கெட்டி வனப்பூங்காவில் டிஸ்டெம்பர் பரவி அங்கிருந்த சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறந்தபோது, அந்த நோய்க்கிருமி சுற்றுப்புற ஊர்களின் வளர்ப்பு நாய்களிடமிருந்து வந்ததாகவே கருதப்பட்டது.

இரண்டாம் படி: ஆறு முதல் எட்டு வாரப் பயிற்சி

வாரநாள்களில் தெருவைச் சுற்றி இருபது நிமிடம் நடக்கும் நாயை ஞாயிற்றுக்கிழமை 800 மீட்டர் ஏறவைப்பது கொடுமை. வாரத்துக்கு ஒருமுறை ஒரு நீண்ட நடையை வைத்துக்கொண்டு, அதன் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மூன்றாம் வாரத்திலிருந்து ஏற்றமும் இறக்கமும் கொண்ட பாதையைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த நடைகள் தசைகளை மட்டுமல்ல, பாதத்தின் அடித்திண்டுகளையும் உறுதியாக்குகின்றன. புல்லிலும் தரைவிரிப்பிலும் மட்டுமே நடந்த நாயின் திண்டு கூரிய கற்களில் ஒரே நாளில் தேய்ந்து புண்ணாகிவிடும். சரளைப் பாதையில் பழகிய நாயின் திண்டு தடித்து ஈடுகொடுக்கும்.

இதே வாரங்களில் நான்கு கட்டளைகளை ஐயமின்றிக் கற்றுக்கொடுக்க வேண்டும்: "வா", "நில்", "பின்னால் வா", "விடு". இவற்றில் "பின்னால் வா" என்பதன் மதிப்பு, குறுகிய பாதையில் இறங்கும்போது இருபது கிலோ எடை நம்மைக் கீழ்நோக்கி இழுக்கும் அந்த நொடியில்தான் தெரியவரும். மான் ஓடும்போதும், வேறொரு நாய் குரைக்கும்போதும், கீழே எலும்பு கிடக்கும்போதும் "வா" என்ற சொல்லுக்குத் திரும்பாத நாயைக் கயிறின்றி விடுவதற்கு மலையில் இடமே இல்லை.

மூன்றாம் படி: பாதையையும் திரும்பும் நேரத்தையும் முடிவுசெய்தல்

முதலில் அனுமதி. பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகள் பலவற்றில் நாய்களுக்குத் தடை உண்டு. சில இடங்களில் கயிற்றில் கட்டி அழைத்துச் செல்வதும் கூடாது. ஸ்விட்சர்லாந்தின் தேசியப் பூங்கா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தப் பகுதியை நிர்வகிக்கும் அலுவலகத்திடமே நேரடியாகக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. வாயிற்காவலரிடம் வாதாடி நாளைத் தொலைப்பதைவிட இது எளிது.

அடுத்துப் பாதையின் தரை. இரும்பு ஏணிகள், கம்பிப் படிகள், கைகளால் பற்றி ஏற வேண்டிய பாறைகள், சல்லடை போன்ற இரும்புத் தளம் கொண்ட பாலங்கள் ஆகியவற்றை நாயால் கடக்க முடியாது. வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் நெருங்கியிருக்கும், அதாவது செங்குத்தான இடங்களை முன்கூட்டியே ஆராய வேண்டும். நிழல் தரும் மரங்களும், இடையிடையே ஓடும் ஓடைகளும் உள்ள பாதையே நாய்க்கு ஏற்றது; காட்சி அழகாக இருக்கிறதே என்று மொட்டைப் பாறை முகட்டைத் தேர்ந்தெடுத்தால் அந்த அழகு நமக்குத்தான், நாய்க்கு வெயில் மட்டுமே மிஞ்சும்.

நேரக் கணக்குக்கு, ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நைஸ்மித் 1892-இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தொலைவும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இதன்படி மூன்று மணி நேரம் ஆகும். ஓய்வு, தண்ணீர், மோப்பம் பிடிக்க நிற்பது என நாயோடு போகும்போது நான் இந்தக் கணக்கை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வேன். அதாவது நான்கரை மணி நேரம். முதல் மலைக்கு இதைவிட நீளமான பாதை தேவையில்லை.

இந்தக் கணக்கிலிருந்து திரும்பும் நேரத்தை எடுத்து ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். பல மலைகளில் கோடைக்கால இடிமழை பிற்பகலில்தான் திரளும் என்பதால், நண்பகலுக்குள் முகட்டை விட்டு இறங்கத் தொடங்குவதுபோல் அந்த நேரம் அமைய வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த மணி அடித்ததும் திரும்ப வேண்டியதுதான். வீட்டில் அமைதியாக எடுத்த முடிவு, மலையில் ஆசையோடு எடுக்கும் முடிவைவிட நம்பத்தக்கது. போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும்.

நான்காம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்?

கழுத்துப்பட்டையில் மட்டும் கயிற்றைக் கட்டுவது மலைக்குப் பொருந்தாது. நாய் வழுக்கினால் முழு எடையும் கழுத்தில் விழும். முன்பக்கம் ஒய் எழுத்து வடிவில் அமைந்து, தோள் அசைவைத் தடுக்காத ஹார்னஸ் என்னும் உடல்வார்தான் தேவை. அதன் முதுகில் ஒரு கைப்பிடி இருந்தால் பாறைப் படியில் ஏற்றிவிட மிகவும் உதவும். சுமார் 2 மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கயிறே போதும். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு புதரில் சிக்கும், அவசரத்தில் கையை அறுக்கும். கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொள்வது ஏறும்போது வசதிதான். ஆனால் இறக்கத்தில் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்; நாய் ஒரு தாவு தாவினால் நாமும் சேர்ந்து உருள வேண்டியிருக்கும்.

தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது. சாதாரண நாளிலேயே நாய்க்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 முதல் 60 மில்லிலிட்டர் வரை நீர் தேவைப்படுகிறது. நடையில் இது வெகுவாகக் கூடும். 20 கிலோ நாய்க்கு ஒரு நாள் நடைக்குக் குறைந்தது 2 லிட்டர் தனியாக எடுத்துச் செல்ல வேண்டும். ஓடையில் குடித்துக்கொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. ஓடும் நீரில்கூட ஜியார்டியா ஒட்டுண்ணி இருக்கலாம். தேங்கிய குட்டையின் மேல் வண்ணம் கொட்டியதுபோல் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தால், அதன் நஞ்சு சில மணி நேரத்தில் நாயைக் கொல்லவும் கூடும் என்பதால் அங்கே கால் நனைக்கவும் விடக் கூடாது.

தீனியாக அது வழக்கமாக உண்பதையே சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். நாம் நமக்காக எடுத்துச் செல்லும் நொறுக்குத்தீனிதான் உண்மையான ஆபத்து. உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்; சாக்லேட், மக்கடாமியா கொட்டை, வெங்காயம், சைலிடால் என்னும் இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம் ஆகிய அனைத்தும் நாய்க்கு நஞ்சு. மலையேறுபவர்கள் விரும்பிக் கொறிக்கும் கொட்டை, திராட்சை, சாக்லேட் கலவையைக் கட்டிய பையில், நாயின் மூக்கு எட்டாத இடத்தில் வைப்பதே முறை. நமக்கான வலி மாத்திரைகளும் இதே பட்டியலில்தான் சேரும். இபுப்ரோஃபென், பாராசிட்டமால் எதையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது.

முதலுதவிக்கு ஒட்டாத காயத்துணி, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணி, கிருமிநாசினி, மெல்லிய முனை கொண்ட இடுக்கி, ஒரு ஜோடி பழைய காலுறைகள், ஒரு விசில் ஆகியவை போதும். வெள்ளை மூக்கும் மெல்லிய முடியும் உள்ள நாயாக இருந்தால் நாய்களுக்கென்றே தயாரித்த வெயில் களிம்பு தேவை; மனிதர்களுக்கான களிம்புகள் பலவற்றில் உள்ள துத்தநாக ஆக்சைடை அது நக்கி விழுங்கினால் கேடு விளையும். நாயின் முதுகில் பை மாட்ட விரும்பினால் அதன் உடல் எடையில் 10 விழுக்காட்டுக்குள் சுமையை நிறுத்திக்கொண்டு, இருபுறமும் சமமாகப் பிரிக்க வேண்டும்.

இன்னொரு பொருளைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: நாயைத் தூக்கி வருவதற்கான தூளி. நடுத்தர, பெரிய நாய்களுக்கென மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் தூளிகள் கிடைக்கின்றன. வாங்குவதோடு நிறுத்தாமல், வீட்டிலேயே நாயை அதில் வைத்து முதுகில் ஏற்றிக் கால்மணி நேரம் நடந்து பார்க்க வேண்டும். நம்மால் முடியவில்லை என்றால், சேர்ந்து தூக்க இன்னொருவர் இல்லாமல் அந்த நாயோடு ஆளில்லா மலைக்குப் போகக் கூடாது.

கழுத்துப்பட்டையில் கைபேசி எண் பொறித்த தகடும், தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் இருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நகங்களைச் சில நாள்கள் முன்பே வெட்டிவிடுவது நல்லது. முந்தைய இரவு வெட்டி இரத்தம் கசிந்தால் மறுநாள் நடை வலிக்கும்.

ஐந்தாம் படி: புறப்படும் காலை

நடைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே அளவான உணவைக் கொடுத்துவிட வேண்டும். ஆழமான மார்புள்ள பெரிய இனங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் கொடிய நோய் வரக்கூடும் என்பதால், வயிறு நிறைய உண்டவுடன் ஓடவிடுவதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், வயிறு கல்போல் வீங்கினால் அது உடனடி அறுவைக்குரிய அவசரநிலை. வெயில் ஏறுமுன் புறப்பட்டுவிட வேண்டும். பாறையின் மேல் புறங்கையை ஏழு நொடி வைத்திருக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் அந்தச் சூட்டைத் தாங்காது.

ஆறாம் படி: ஏற்றம்

முதல் அரைமணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடக்க வேண்டும். நாயின் உற்சாகம் உச்சத்தில் இருப்பதும், அது தன் சக்தியை வீணாக்குவதும் இந்த நேரத்தில்தான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் நின்று சிறிதளவு தண்ணீர் கொடுக்கலாம். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது மூச்சு: இரண்டு மூன்று நிமிட ஓய்வில் இளைப்பு தணியத் தொடங்க வேண்டும். இரண்டாவது ஈறு: விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும், செங்கல் போன்ற கடுஞ்சிவப்பும், வெளிறலும், நீலமும் ஆபத்தின் நிறங்கள். மூன்றாவது பாதம்: விரலிடுக்கில் முள், கல், வெட்டு ஏதேனும் உண்டா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் திரும்பும் நேரம் அதுதான். தாளில் எழுதிய மணி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நாய் நிழலைக் கண்டதும் தானாகப் படுப்பது, நமக்குப் பின்னால் தங்குவது, தின்பண்டத்தை மறுப்பது, பாதத்தை அடிக்கடி நக்குவது ஆகியவை அதன் மொழியில் "போதும்" என்பதற்கு இணை. இத்தனை நேரம் முன்னால் ஓடிய நாய் முதல்முறையாக நம் குதிகாலை ஒட்டி நடக்கத் தொடங்கினால், அதை நல்லொழுக்கம் என்று மெச்சிக்கொள்ளாமல் ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

எதிரே வருபவர்களுக்கு வழிவிட்டு, பள்ளத்தின் பக்கம் அல்லாமல் மலைப்பக்கம் ஒதுங்கி, நாயை நம் உடலுக்கும் அந்த மேட்டுச் சரிவுக்கும் இடையில் உட்காரவைப்பது நல்லது. எல்லாருக்கும் நாய் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. மேய்ச்சல் நிலங்களில் கன்றோடு இருக்கும் பசுக்களை இன்னும் கவனமாகச் சுற்றிக் கடக்க வேண்டும். 2014-இல் ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் நாயோடு நடந்த பெண் ஒருவரைப் பசுக்கூட்டம் மிதித்துக் கொன்றது. பசுவின் கண்ணுக்கு நாய் ஓநாயின் உருவம்தான். பசுக்கள் துரத்தி வந்தால் கயிற்றை விட்டுவிட வேண்டும். நாய் தப்பி ஓடிவிடும். கயிற்றைப் பிடித்திருக்கும் மனிதரால் அது முடியாது.

மலத்தைப் பையில் அள்ளிக் கீழே எடுத்து வருவதே சிறந்தது. அது இயலாத தொலைதூரக் காடாக இருந்தால், நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கலாம். பையில் கட்டிக் கிளையில் தொங்கவிட்டு, திரும்பும்போது எடுத்துக்கொள்கிறேன் என்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

ஏழாம் படி: உச்சியும் இறக்கமும்

உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. ஏறும்போது சூடேறிய குட்டை முடி நாய், உச்சிக் காற்றில் ஈரத்தோடு உட்கார்ந்தால் சில நிமிடங்களில் நடுங்கத் தொடங்கும். அதன் கீழே ஒரு துணியை விரிக்க வேண்டும். உச்சியில் கயிற்றை அவிழ்ப்பது கூடவே கூடாது. பறவையைத் துரத்திப் பாறை விளிம்பைத் தாண்டிவிடும் நாய்களைப் பற்றி மீட்புக் குழுக்களுக்கு நன்றாகவே தெரியும்.

நடையின் கடினமான பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. நிற்கும் நாயின் எடையில் சுமார் 60 விழுக்காடு முன்னங்கால்களில் இருக்கிறது. இறக்கத்தில் இந்தப் பங்கு இன்னும் கூடுவதால் தோளும் மணிக்கட்டும் அடித்திண்டும் ஒவ்வோர் அடியிலும் அடி வாங்குகின்றன. ஆகவே இறங்கும் வேகம் நம்முடையதாக இருக்க வேண்டும்: "பின்னால் வா" என்ற கட்டளையோடு, குறுகிய கயிற்றில், உயரமான படிகளில் குதிக்கவிடாமல் ஹார்னஸின் கைப்பிடியைப் பிடித்து இறக்கிவிட்டு, பாதங்களைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வர வேண்டும். திண்டு கிழிந்திருந்தால் கழுவி, காயத்துணி வைத்து, இறுக்காமல் கட்டி, மேலே காலுறையை மாட்டலாம். நாய்க் காலணிகள் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே பலநாள் பழக்கியிருந்தால்தான் அவை இந்த நேரத்தில் உதவும்.

நெருக்கடி வந்தால்

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை. அது 41 பாகையைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். நிற்காத இளைப்பு, கட்டியான எச்சில், தள்ளாட்டம், வாந்தி ஆகியவை தெரிந்தால் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் தூக்கிச் செல்ல வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், இருக்கும் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி, தொப்பியாலோ துணியாலோ விசிற வேண்டும். ஈரத்துணியைப் போர்த்தி விட்டுவிடக் கூடாது. அது சற்று நேரத்தில் வெப்பத்தை உள்ளேயே தேக்கும். எழுந்து நடந்துவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஏனெனில் சிறுநீரகப் பாதிப்பு பிந்தித்தான் வெளிப்படும்.

பாம்பு கடித்தால் கழுத்துப்பட்டையை உடனே கழற்றி, நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள கால்நடை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு விரைய வேண்டும். கடிவாயை அறுப்பதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கையே கூட்டும். வலியில் துடிக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால், மூச்சுத்திணறலோ வாந்தியோ இல்லாதபோது மட்டும் கட்டுத்துணியால் வாயைத் தளர்வாகக் கட்டிவிட்டுத் தூக்கலாம்.

உதவி தேவைப்பட்டு, தொலைபேசித் தொடர்பும் இல்லையென்றால், மலைகளில் வழங்கும் அபாய அறிவிப்பைப் பயன்படுத்த வேண்டும்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில், ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை விசில் ஒலித்தால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று பொருள். நாய் தொலைந்துவிட்டால் அதன் பின்னால் ஓடாமல் கடைசியாகக் கண்ட இடத்திலேயே காத்திருந்து பெயர் சொல்லி அழைக்க வேண்டும். இருட்டும் முன் இறங்க நேர்ந்தால் நாம் அணிந்திருந்த சட்டையை அங்கே விட்டுவிட்டு, விடிந்ததும் திரும்பி வர வேண்டும்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்தபின்

வண்டியில் ஏற்றுமுன்பே ஒருமுறையும், வீட்டில் நல்ல வெளிச்சத்தில் இன்னொரு முறையும் உண்ணி பார்க்க வேண்டும். காதின் உட்புறம், கண்ணிமை ஓரம், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு, வாலின் அடி ஆகிய இடங்கள் அதற்கு விருப்பமானவை. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக நிதானமாக இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் நெருப்பு காட்டுவதும் பழைய பழக்கங்கள். எரிச்சலுற்ற உண்ணி தன் எச்சிலையும் அதிலுள்ள கிருமிகளையும் உள்ளே உமிழ்ந்துவிடக்கூடும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, சோர்வோ, ஈறு வெளுப்போ தெரிந்தால் மலைக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் உண்ணிக் காய்ச்சல் உடனே வெளிப்படாது.

பாதங்களை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்துவிட்டு, இளைப்பு முழுவதும் அடங்கியபின் உணவு கொடுக்கலாம். மறுநாள் காலையில் அது படுக்கையிலிருந்து எழும் விதத்தைச் சற்று நேரம் கவனிக்க வேண்டும். முதல் சில அடிகளில் விறைப்பு இருந்து நடக்க நடக்கத் தளர்ந்துவிட்டால் அது வெறும் தசைவலி. அடுத்த நடைக்கு ஒரு வாரம் இடைவெளி விட்டால் போதும். காலை ஊன்றத் தயங்கினாலோ, இரண்டாம் நாளும் விறைப்பு நீடித்தாலோ, அடுத்த பாதையைப் பாதியாகக் குறைப்பதற்கு முன் மூட்டுகளை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.